இழப்பு சொற்பம்

அன்புள்ள மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கோபித்துக்கொண்டு போன பிறகு, நீ வாங்கி வந்த கேக் மேசையில் அப்படியே இருந்தது. கீழ்க்கடையில் வேலை செய்கிற பையன்களுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னோடு பேசலாம் என்று தொலைபேசியை எடுத்தேன், வைத்துவிட்டேன். தொலைபேசியில் நீ பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாய். பிரெஞ்சில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். நான் சொல்ல வந்ததை முடிப்பதற்குள் அதை நீயே அழகான ஒரு வாக்கியமாக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாய். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரமாகும். ஆகட்டும். எதையும் மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளிவைக்கிற பழக்கம் உனக்கு வந்துவிட்டது. இதையாவது எழுத்துக்கூட்டிப் படி.

நீ என்ன சொன்னாய் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. எங்கெங்கோ நடக்கும் சண்டைகளில் நேற்று என்ன நடந்தது, இன்று என்ன நடக்கலாம் என்று தினமும் காலையில் ஒரு தாள் தயாராகி மேலே போகிறது. இத்தனை வருடம் அந்தத் தாளுக்கு எழுதிக் கொடுப்பவர்களில் ஒருவனாக இருந்தாய். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பிரிவுக்கே தலைவன். எந்த அலுவலகம், எந்தக் கட்டடம் என்று இங்கே எழுத மாட்டேன், உன் பெயரையும் எழுத மாட்டேன், பயப்படாதே. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எதைப் போடறது, எதை விடறதுன்னு யாருடா முடிவு பண்ணுவாங்க?" நீ சிரித்துக்கொண்டே, "இனிமே நான்தான் பப்பா" என்றாய். பிறகு நான் கேட்காமலே விளக்கினாய். "கீழேருந்து வர்றது எல்லாத்தையும் போட முடியாது. பாதி வெறும் சத்தம். மேல இருக்கறவங்களுக்கு நேரம் கிடையாது. சுத்தமா ஒரு பக்கம் கேப்பாங்க."

நான் வேண்டாம் என்றேன். அந்த நாற்காலி வேண்டாம்டா என்றேன். உன் முகம் சிவந்துவிட்டது. "நம்ம மாதிரிப் பேரு வெச்சிருக்கிறவனுக்கு இந்த நாட்டில அந்த நாற்காலி கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உங்களுக்கு ஏன் ஒரு நாளும் சந்தோஷப்படத் தெரியல?" என்று கேட்டுவிட்டு எழுந்தாய். கஷ்டம் எனக்குத் தெரியும். அதைவிட அந்த நாற்காலியையும் எனக்குத் தெரியும். உனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. உன் பெரியப்பாவைப் பற்றி, அவர் இந்தோசீனாவில் சண்டையில் செத்தார் என்பதற்கு மேல் நான் உன்னிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்லும்படியான கதை இல்லை அது. ஆனால் இப்போது சொல்லாமல் விட்டால் பிறகு சொல்ல ஆள் இருக்காது.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் அச்சுக்கும் கொடுக்கிறேன் என்பது உனக்குப் பிடிக்காது. நம் தெருமுனையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற யோகனை உனக்குத் தெரியும், யாழ்ப்பாணத்துப் பையன், பையன் என்ன, அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. பாரிஸில் இந்த லா ஷப்பல் பகுதியில் நம் ஆட்கள் படிப்பதற்கென்று ஒரு சின்ன இதழ் போடுகிறான். "ஐயா, பாண்டிச்சேரி ஆக்கள் சைகோனில இருந்த கதையை ஒருத்தரும் எழுதேல்லை. நீங்கள் எழுதித் தாங்கோ, நான் ஒரு எழுத்தும் மாத்தாமல் போடுறன்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவன்தான். அதனால் கொடுக்கிறேன்.

பாண்டிச்சேரியிலிருந்து போன என் அப்பா, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் சுங்கத்தில் காவலாளி. நானும் அண்ணன் அருளப்பனும் அங்கேயே வளர்ந்தோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தெருவில் வியட்நாம் பாஷை. பிரெஞ்சுக்காரர்களை விரட்ட வியட்நாம்காரர்கள் தொடங்கிய சண்டை முற்றியபோது மூன்றும் தெரிந்தவனுக்கு நல்ல விலை இருந்தது. அண்ணனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஆகாது, அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்ரால், அதாவது ஒரு சின்ன அணிக்குத் தலைவர், ஆனார். எனக்கு இருபது வயது நிறைவதற்குள் இராணுவத்தின் உளவுச் செய்தி அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். பெரிய பையன் துப்பாக்கி தூக்குகிறான், சின்னவன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடிக்கிறான், எனக்கு ஒருவனைப் பற்றியாவது கவலையில்லை என்பாள்.

வேலை இதுதான். ஆற்றோரத்துக் காவல் நிலைகளிலிருந்து தந்தி வரும். பிடிபட்டவர்களிடமிருந்து எடுத்த காகிதங்கள் வரும். ஊர்களிலிருந்து தகவல் சொல்கிறவர்கள் வருவார்கள்; படகோட்டி, வைத்தியர், கள்ளக் கடத்தல்காரன், புருஷன்மேல் கோபமான பெண்டாட்டி, எல்லாரும் வருவார்கள். நான் கேட்டு, பிரெஞ்சில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் போடுவேன். எழுத்து ஆளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு, எண் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு. அதைக் கேப்டன் படிப்பார். கையில் சிவப்புப் பென்சில். அடித்தது போக மிச்சத்தை நான் சுத்தமாக டைப் அடித்து, கார்பன் பிரதிகளோடு அனுப்புவேன். ஒரு பிரதி கர்னலின் காலை உணவு மேசைக்கு. மற்றவை காவல் நிலைகளுக்கெல்லாம் போகும். அடித்துத் திருத்திய தாள்களை மதியம் கொல்லைப்புறத் தகர டிரம்மில் போட்டுக் கொளுத்திவிடுவோம். அது விதி. மறுநாள் மறுபடியும் வெள்ளைத் தாள்.

கேப்டனை நீ அரக்கன் என்று நினைத்துக்கொள்ளாதே. படித்தவர், மரியாதைக்காரர். என் பிரெஞ்சைத் திருத்துவார், கோபப்பட மாட்டார். என் அப்பா காய்ச்சலில் விழுந்தபோது மருந்து வாங்கித் தந்தார். உன்னைப் போல அவருக்கும் சுத்தமான பக்கம் பிடிக்கும்.

தகவல் சொல்கிறவர்களில் ஒருத்தி வாத்து முட்டைக்காரி. பா தூ என்று கூப்பிடுவோம். சின்னப் படகில் வாய்க்கால் வாய்க்காலாகப் போய் முட்டை வாங்கிச் சைகோனில் விற்பாள். முட்டைக்கூடையோடு பின்வாசலில் வந்து நிற்பாள், நான் வாங்குகிற மாதிரி நின்று கேட்டுக்கொள்வேன். அவள் மகனை எதிர்ப்பக்கத்துச் சண்டைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அந்த ஆத்திரத்தில்தான் எங்களிடம் வந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஒரு நாள் வந்து, "நாயெல்லாம் அடிச்சுக் கொன்னுட்டாங்க" என்றாள். எங்கே என்றேன். ஒரு வாய்க்காலின் பெயரைச் சொன்னாள். அதன் இரண்டு கரையிலும் இருக்கிற ஊர்களில், வீடு வீடாகச் சொல்லி, நாய்களைக் கொல்ல வைத்திருக்கிறார்கள். "என் தங்கச்சி வீட்டு நாயையும்தான். அவ அழுதுக்கிட்டே அடிச்சா. ஆளுங்க ராத்திரியில நடமாடப் போறாங்க. மூங்கில் ஏணி கட்டறதையும் பாத்தேன். எழுதிக்கோ."

அந்த வாய்க்கால் ஆற்றில் கலக்கிற இடத்தில் இருந்த காவல் நிலையில்தான் அண்ணன் இருந்தார்.

எழுதினேன். நல்ல எழுத்தும் நல்ல எண்ணும் போட்டேன், ஏனென்றால் அவள் அதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. கேப்டன் படித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். "கர்னலுக்கு நான் நாய்களைப் பற்றி எழுத வேண்டுமா?" என்றார். கோபமாக இல்லை, வேடிக்கையாக. அதற்கு முந்தின வாரம்தான் அந்தப் பகுதி முழுவதும் அமைதியாகிவிட்டது என்று கர்னல் தன் கைப்பட மேலே எழுதியிருந்தார். பாரிஸிலிருந்து ஆட்கள் வந்து அந்த ஆற்றில் படகில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கேப்டன் முட்டைக்காரியின் எழுத்தையும் எண்ணையும் கீழே இறக்கினார். பிறகு வரியையே அடித்தார். அந்த வாய்க்காலுக்கு நேரே, "குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை" என்று எழுதினார். அதைத்தான் நான் டைப் அடித்தேன்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் விடுப்பில் வீட்டுக்கு வந்தார். அம்மா கறி சமைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே சொல்லக் கூடாதென்று கையெழுத்துப் போட்டிருந்தவன்தான், ஆனாலும் சொன்னேன். அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான்டா இருக்கு. வாய்க்கால்ல மீன்படகே வரல. லெப்டினன்ட்கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"உங்க தாளை எடுத்துக் காட்டுறாரு. தினமும் காலைல காப்பியோட அதைத்தான் படிக்கிறாரு. இதுல ஒண்ணும் இல்லியே கப்ரால், சைகோன்ல அவ்வளவு பெரிய ஆபீசுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சான்னு கேக்கறாரு."

அது நான் அடித்த தாள். நான் அடித்த எழுத்து. "போகாத அண்ணே. காய்ச்சல்னு சொல்லி ரெண்டு நாள் இரு" என்றேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "போகலன்னா ஓடிப்போனவன்னு எழுதுவாங்க. அதை மட்டும் அடிக்காம போடுவாங்க, பாத்துக்கோ" என்றார். அம்மா உள்ளேயிருந்து என்னடா ரகசியம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மறுநாள் காலையில் கேப்டன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, நான் போய் முன்னால் நின்றேன். முட்டைக்காரியின் தகவலை மறுபடியும் போடுங்கள் என்று கேட்டேன். ஏன் இத்தனை பிடிவாதம் என்றார். என் அண்ணன் அங்கே இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பாரோ என்று எத்தனையோ வருடம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். நிதானமாக, ஒரு வாத்தியாரைப் போலச் சொன்னார்: "இப்போது எனக்குப் புரிகிறது. நீ அண்ணனுக்காகப் பயப்படுகிறாய். பயம் உளவுச் செய்தி ஆகாது, தம்பி. இது குடும்ப விஷயம். குடும்ப விஷயத்தை நான் தாளில் போட முடியாது." அன்றைய தாளிலும் குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை. அதற்கடுத்த தாளிலும் இல்லை.

அந்தக் காவல் நிலை விழுந்த செய்தி தந்தியில் வந்தது. விடியும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஏணி போட்டு ஏறியிருக்கிறார்கள். தந்தியில் பெயர்கள் இல்லை. தப்பி வந்த ஒரு உள்ளூர்ச் சிப்பாய் ஆற்றோர மருத்துவமனையில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, அனுமதி கேட்காமல் போய் அவனைப் பார்த்தேன். அந்தக் கறுப்புக் கப்ரால்தான் கடைசி வரை சுட்டார், எங்களை ஆற்றுப்பக்கம் ஓடச் சொன்னார் என்றான். வேறு எதையும் நான் கேட்கவில்லை. அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. அலுவலகத்துக்குத்தான் போனேன். அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது எனக்கு.

கேப்டன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தார், அதை மறைக்க மாட்டேன். பிறகு, கர்னல் காத்திருக்கிறார், இந்தத் தாளை முடித்துவிடுவோம் என்றார். வேறு டைப்பிஸ்ட் இல்லையா என்று நீ கேட்பாய். இருந்தான். எனக்குத்தான் வேகம் அதிகம். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். எதிரி பெரும் படையுடன் தாக்கினான். வீரமாகப் போரிட்ட பின் நிலை கைவிடப்பட்டது. எதிரிக்குப் பலத்த சேதம். அடுத்த வரிக்கு முன்னால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நம் தரப்பில் இழப்பு சொற்பம்."

கையை எடுத்துவிட்டேன். "மோன் கப்பித்தேன், யாரெல்லாம் செத்தாங்க?" என்று கேட்டேன். ஒரு லெப்டினன்ட், ஒரு சார்ஜென்ட், மற்றவர்கள் உள்ளூர் ஆட்கள், ஒரு இந்தியன் என்றார். பெயரைப் போடலாமா என்றேன். "இந்தத் தாளில் பெயர்கள் வராது. உனக்கே தெரியும்." தெரியும். எத்தனை ஆயிரம் பேரை அந்த ஒற்றைச் சொல்லுக்குள் நானே அடித்து அனுப்பியிருக்கிறேன். அண்ணனையும் அடித்தேன்.

நேற்று இதுவரை எழுதியதை யோகனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றபடியே படித்தான். அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வந்தான். "எங்கட சண்டையிலயும் இப்பிடித்தான் ஐயா. நாங்கள் ரெண்டு பக்க ரேடியோவும் கேப்பம். ரெண்டு பேரும் தங்கட பக்கம் இழப்புக் குறைவு எண்டுதான் சொல்லுவினம். என்ர தங்கச்சியின்ர மனுசன் அந்தக் குறைவுக்குள்ளதான் போனவர்" என்றான். இந்தத் தெருவில் புடவைக் கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் நடுவில் நீ கார் நிறுத்த இடம் தேடிச் சலித்துக்கொள்வாயே, அங்கே நிற்கிறவர்களில் பாதிப்பேர் யாருடைய தாளிலோ சொற்பமாகிப் போனவர்களின் வீட்டு ஆட்கள். நீ அவர்களைத் தாண்டித்தான் என் வீட்டுப் படியேறுகிறாய்.

கதை இதோடு முடிந்திருந்தால்கூட உனக்கு இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். சண்டையில் ஆள் சாவதுதான், மேலே இருப்பவன் தப்புச் செய்வதுதான் என்று நீ தோளைக் குலுக்குவாய். அதற்குப் பிறகு நடந்ததைக் கேள்.

காவல் நிலை எப்படி விழுந்தது, உளவுப் பிரிவு ஏன் எச்சரிக்கவில்லை என்று மேலேயிருந்து விளக்கம் கேட்டார்கள். கேப்டன் ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். மறுநாள் தாளில் அவர் சொன்ன வரி இது: அந்த வாய்க்காலில் நமக்குத் தகவல் தரும் பெண், எல்லாம் அமைதியாக இருப்பதாகச் சொல்லி நம்மை ஏமாற்றியிருக்கிறாள்; அவள் எதிரியின் ஆள் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. நான் அடிக்க மறுத்தேன். "அவ சொன்னா. நான் எழுதினேன். நீங்க அடிச்சீங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை அந்த வேகம் குறைந்த டைப்பிஸ்ட் அடித்துக் கொடுத்தான்.

பா தூ வழக்கம்போலக் கூடையோடு பின்வாசலுக்கு வந்தாள். எச்சரிக்கலாம் என்று நான் ஓடினேன், அதற்குள் காவலாட்கள் அவள் கையைப் பிடித்துவிட்டார்கள். அவள் ஓட முயலவில்லை. உண்மையைச் சொன்னவள் எதற்காக ஓட வேண்டும்? என்னைக் காட்டி, அந்தத் தமிழரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும் என்றாள். நானும் தெரியும் தெரியும் என்று கத்தினேன். முட்டைகள் படியில் உடைந்து வழிந்தன. கூட்டிப் பெருக்க ஒருவனைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

கர்னல் வீட்டு வாசல் வரை போனேன். அவருடைய உதவியாளர் நான் சொன்னது முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எழுத்தில் இருக்கிறதா?" என்றார். தகர டிரம்மில் எரிந்துபோன தாளை நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்? தாளில் இல்லாதது நடக்கவில்லை, அதுதான் அந்த உலகத்தின் சட்டம். ஒரு வாரத்தில் என்னைத் துறைமுகத்துக் கிடங்குக்கு மாற்றினார்கள், சிப்பாய்களுக்குக் கம்பளி கொடுக்கிற வேலை. அம்மாவிடம் உத்தியோகஸ்தர் ஒருவர் வந்து இரங்கல் சொன்னார். எங்கே புதைத்தீர்கள் என்று அம்மா கேட்டாள். அவர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இல்லை. அம்மா சாகும்வரை அந்தக் கேள்வியைப் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சண்டை நின்ற பிறகு, நாங்கள் பிரான்சுக்குக் கப்பலேறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், சந்தையில் பா தூவைப் பார்த்தேன். விட்டுவிட்டிருக்கிறார்கள். முடி கொட்டியிருந்தது. வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் முட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். போய் நின்று, நான் சொன்னேன், எல்லாரிடமும் சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சொன்னதை அன்னிக்கு எழுதினியா?"

"எழுதினேன். அவரு அடிச்சிட்டாரு."

"அதுக்கு முன்னாடியும் அடிப்பாரா?"

"அடிப்பாரு."

"அது தெரிஞ்சும் ஏன் என்னை வரச் சொன்னே?"

யாரோ முட்டை கேட்டார்கள், அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாரிஸுக்கு வந்து தபால் பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்து, உன் அம்மாவைக் கட்டி, உன்னைப் பெற்றதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. உனக்குப் பத்து வயது இருக்கும். தொலைக்காட்சியில் அந்தச் சண்டையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. மெடல்கள் குத்திய ஒரு கிழவர் பேசிக்கொண்டிருந்தார். முகம் அடையாளம் தெரியவில்லை, குரல் தெரிந்தது. அந்த நிதானம். கேப்டன் ஜெனரலாகியிருந்தார். ஆற்றங்கரைக் காவல் நிலைகள் ஏன் விழுந்தன என்று கேட்டதற்கு, "ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை" என்றார். பொய் சொல்கிற முகமே இல்லை அது. தானே எழுதியதைத் தானே இத்தனை வருடம் நம்பி வந்திருக்கிறார். நான் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தேன். நீ, அடுத்தது உனக்குப் பிடித்த நிகழ்ச்சி என்று அழுதாய். நான் உன்னை அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று அன்று உன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

நான் என்ன அந்தக் கேப்டனா என்று நீ கேட்பாய். இல்லை. அவரைவிட நல்லவன், அவரைவிடப் படித்தவன், உன் காலத்து அலுவலகத்தில் எதையும் டிரம்மில் கொளுத்துவதும் இல்லை என்பாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியைப் பற்றிப் பேசியபோது உன் குரலில் இருந்த நிதானம் எனக்குப் பழக்கமானது. கீழேயிருந்து வருவது பாதி சத்தம் என்றாய். அந்தச் சத்தத்தைக் கொண்டுவருகிறவன் எங்கேயோ ஒரு வாய்க்காலில் படகை விட்டு இறங்கி, யார் பார்க்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருகிறான். அவன் சொன்னதை அடிக்க உனக்கு ஒரு நொடி போதும். அப்படி அடிக்கத்தான் வேண்டுமென்றால், அடித்துவிட்டேன் என்று அவனுக்குச் சொல்லியனுப்பு; இனி வராதே, உன்னை நாங்கள் கேட்பதில்லை என்று சொல்லியனுப்பு. அவனாவது பிழைத்துக்கொள்வான். மேலே இருப்பவனுக்குப் பிடிக்காத வரி ஒன்று ஒரு நாள் காலையில் உன் கைக்கு வரும். அன்று உன் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க உன் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், ஒரு டைப்பிஸ்டைத் தவிர. இப்போது டைப்பிஸ்டும் கிடையாது என்கிறாய்.

இந்தப் பதவி உயர்வுக்காக உன் அலுவலகத்தார் உனக்குக் கொடுக்கும் விருந்துக்கு வர மாட்டேன். மருமகளிடம் எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிக்கொள், அது பொய்யில்லை. போன ஞாயிறு கோபத்தோடு கிளம்பினாலும், வாசலில் நின்று, சின்ன வயதிலிருந்து செய்வதுபோல, நெற்றியில் நான் ஆசீர்வதித்துச் சிலுவை போடுவதற்காகத் தலையைக் குனிந்தாய். நான் போடவில்லை. கிழவனுக்கு மறதி என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போயிருப்பாய். மறக்கவில்லை. கையைச் சட்டைப் பைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என்றைக்காவது ஒரு ஏழையின் ஒரு வரிக்காக அந்த நாற்காலியை இழந்துவிட்டு, அவமானப்பட்டு, இந்தப் படிகளில் நீ ஏறி வந்தால், அன்றைக்கு நான் இருந்தால், போடுகிறேன். இல்லையென்றால் அது இல்லாமலே நீ இருந்துகொள்.

உன் பப்பா